லாரியின் பின் உயரத்தை மாற்றியபின் வரும் அதிர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏர் சஸ்பென்ஷனின் உயரத்தை ஏற்றியோ இறக்கியோ வைத்தவர்கள், பட்டை ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை கொடுத்தவர்கள், பட்டைகளைக் கூட்டியவர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை இங்கே சுருக்கமாக ஷாஃப்ட் என்கிறோம்.

ஷாஃப்டைத் தொடவே இல்லை, உயரத்தை மட்டும்தான் மாற்றினோம். பிறகு ஏன் அதிர்கிறது?

கியர்பாக்ஸ் சேஸிஸில் தொங்குகிறது. பின் ஆக்ஸில் சக்கரங்களின் மேல் நிற்கிறது. இரண்டையும் இணைப்பது ஷாஃப்ட். சேஸிஸ் ஏறினாலோ இறங்கினாலோ ஷாஃப்டின் சாய்வு மாறும். சஸ்பென்ஷனின் கையோடு (முன்முனை சேஸிஸில் ஊசியால் மாட்டப்பட்ட நீண்ட தாங்கி) ஆக்ஸில் சேர்த்து இறுக்கப்பட்டிருந்தால் ஆக்ஸிலும் கொஞ்சம் சுழன்று, பினியனின் (ஷாஃப்டிலிருந்து சுழற்சியை வாங்கும் ஆக்ஸில் பல்சக்கரம்) மூக்கு மேலேயோ கீழேயோ திரும்பிவிடும்.

ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள வளையும் இணைப்பான யூ ஜாயின்ட்டுக்கு, வளைந்த நிலையில் சுழலும்போது ஒரு குணம் உண்டு. உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். 3 டிகிரி வளைவில் இந்த ஏற்ற இறக்கம் மொத்தம் 0.27 சதவீதம்தான். 6 டிகிரியில் 1.1 சதவீதம், 10 டிகிரியில் 3 சதவீதம். அதாவது கோணம் இரண்டு மடங்கானால் கோளாறு நான்கு மடங்காகிறது. முதல் ஜாயின்ட் உண்டாக்கும் இந்த ஏற்ற இறக்கத்தை இரண்டாவது ஜாயின்ட் தலைகீழாகச் செய்து அழித்துவிட வேண்டும். அதற்கு இரு ஜாயின்ட்களின் கோணமும் சமமாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், வளைவுகள் ஒரே தளத்தில் அமைய வேண்டும். உயரம் மாறும்போது பெரும்பாலும் முதல் நிபந்தனைதான் உடைகிறது.

எதிலிருந்து தொடங்குவது?

உயரத்தைப் பழையபடி வைத்து ஓட்டிப் பாருங்கள். ஏர் சஸ்பென்ஷனில் இது அரை மணி நேர வேலை, செலவும் இல்லை. ஆனாலும் பலர் இதைத் தாண்டிப்போய் ஷாஃப்டைக் கழற்றி பேலன்ஸுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பழைய உயரத்தில் அதிர்வு மறைந்தால் கோணமோ, ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் நீளவும் குறையவும் விடும் பல்வெட்டு இணைப்பு) நீளமோதான் காரணம். மறையவில்லை என்றால் உயரம் மாற்றும் வேலையின்போது வேறு ஏதோ நடந்திருக்கிறது. ஷாஃப்டைப் பிரித்து ஒரு பல் தள்ளிப் பூட்டியிருக்கலாம், பேலன்ஸ் எடை உதிர்ந்திருக்கலாம், பினியன் ஃபிளாஞ்சின் (ஷாஃப்டைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) முகத்தில் துரு சிக்கியிருக்கலாம். இந்த ஒரு சோதனை தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பழைய உயரம் தெரியாவிட்டால் தயாரிப்பாளர் குறித்த உயரத்துக்கு வையுங்கள். பெரும்பாலும் சேஸிஸின் அடிப்பகுதிக்கும் ஆக்ஸிலின் மையத்துக்கும் இடையில் அளக்கச் சொல்வார்கள். அளவுப் புள்ளி சஸ்பென்ஷனுக்கு சஸ்பென்ஷன் மாறும் என்பதால் கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்தே அளக்க வேண்டும். அனுமதிக்கும் பிழை பொதுவாக 6 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. கண்ணால் பார்த்துச் சரி என்று விடும் அளவு அல்ல.

ஏர் சஸ்பென்ஷன் உயரத்தை ஒழுங்காக வைப்பது எப்படி?

சமதளத்தில் வண்டியை நேராக ஓட்டி வந்து, பிரேக்கை அழுத்தாமல் தானாக நிற்க விடுங்கள். முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்தபின் பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். பிரேக் பிடித்திருந்தால் சக்கரம் உருள முடியாமல் சஸ்பென்ஷன் முறுக்கிக்கொண்டு நிற்கும், அளவு பொய் சொல்லும். காற்றுத் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். உயரத்தைக் கட்டுப்படுத்தும் லெவலிங் வால்வின் கம்பியைக் கழற்றி, நெம்புகோலைக் கீழே இறக்கி, ஸ்பிரிங்காக வேலை செய்யும் பலூனில் உள்ள காற்றைக் குறையுங்கள். பிறகு மெல்ல ஏற்றிச் சரியான உயரத்தில் நிறுத்துங்கள். எப்போதும் கீழிருந்து மேலே வந்தே நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு கிடைக்கும். வால்வை நடுநிலையில் பிடிக்கும் ஊசியைச் செருகி, கம்பியை அந்த நிலைக்கேற்ப நீட்டியோ குறைத்தோ பூட்டுங்கள். ஊசியை எடுக்க மறந்துவிட்டு வண்டியைக் கிளப்பினால் ஊசியோ நெம்புகோலோ உடையும்.

காற்று பலூனுக்குள் போக வால்வு சில விநாடிகள் எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டுத் திருப்பிக்கொண்டே இருந்தால் உயரம் ஒரு நாளும் நிலைக்காது.

அதிர்வது ஷாஃப்ட்தான் என்று எப்படி உறுதி செய்வது?

அதிர்வெண்தான் சாட்சி. டயர் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் 3.2 மீட்டர், பின் ஆக்ஸில் விகிதம் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் சுற்றும் சுற்றுகள்) 4.1 என்று வையுங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 417 சுற்று சுற்றும், அதாவது விநாடிக்கு 7 முறை. ஷாஃப்ட் 417 பெருக்கல் 4.1, கிட்டத்தட்ட 1,708 சுற்று. விநாடிக்கு 28.5. எனவே அதே 80 கி.மீ. வேகத்தில்,

- 7 ஹெர்ட்ஸ் வந்தால் சக்கரம், டயர், பிரேக் டிரம், ஹப் பக்கம் பாருங்கள்.
- 28.5 ஹெர்ட்ஸ், அதாவது ஷாஃப்டின் சுற்றுக்கு ஒரு முறை வந்தால் பேலன்ஸ், வளைந்த குழாய், ஃபிளாஞ்சின் ஓட்டப் பிழை (சுழலும்போது மையம் விலகி ஆடுவது), ஸ்ப்ளைன் ஆட்டம்.
- 57 ஹெர்ட்ஸ், சுற்றுக்கு இரண்டு முறை வந்தால் கோணம், யோக் வரிசை, இறுகிப்போன ஜாயின்ட்.

உங்கள் வண்டியின் டயரையும் விகிதத்தையும் இதே கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

கைபேசிச் செயலியில் அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல கைபேசிகள் விநாடிக்கு 100 மாதிரிகளே எடுக்கின்றன. அதில் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது எதுவும் சரியாகத் தெரியாது. 57 ஹெர்ட்ஸ் அதிர்வு 43 ஹெர்ட்ஸ் போலக் காட்டி ஏமாற்றும். முடிந்தால் 60 கி.மீ. வேகத்தில் அளவெடுங்கள். அங்கே அதே கோண அதிர்வு 43 ஹெர்ட்ஸில் வரும், கருவியும் பொய் சொல்லாது.

கருவி எதுவும் இல்லை. ஓட்டிப் பார்த்தே சொல்ல முடியாதா?

பெருமளவு முடியும். அதிர்வு வரும் வேகத்தைக் குறித்துக்கொண்டு, அதே வேகத்தில் ஒரு கியர் மாற்றிப் பாருங்கள். எஞ்சின் சுற்று மாறியும் அதிர்வு அதே சாலை வேகத்தில் நின்றால், கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால். சாலை வேகத்தை விட்டு எஞ்சின் சுற்றைத் தொடர்ந்து போனால் எஞ்சின், கிளட்ச் பக்கம்.

அடுத்தது மிதி எடுக்கும் சோதனை. சமமான, காலியான சாலையில் மட்டும் செய்யுங்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மோசமாகி, காலை எடுத்ததும் மறைந்தால் பினியன் கோணத்தைச் சந்தேகியுங்கள். இழுவையில் ஆக்ஸில் பின்னோக்கிச் சுழன்று பினியன் மூக்கு மேலே எழும். அப்போது பின் ஜாயின்ட்டின் கோணம் மாறுகிறது. காலை எடுத்து எஞ்சின் பிடிக்கும்போது மட்டும் வந்தால் கோணம் எதிர்த்திசையில் பிசகியிருக்கலாம், அல்லது பினியன் பேரிங் தளர்ந்திருக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் கிளட்சை அழுத்தினாலும் ஒரே மாதிரி இருந்து, வேகம் ஏற ஏறக் கூடினால் பேலன்ஸ் பக்கம் பாருங்கள். பாரமான வண்டியை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

கோணங்களை எங்கே வைத்து, எப்படி அளப்பது?

0.1 டிகிரி காட்டும், காந்த அடி உள்ள டிஜிட்டல் ரசமட்டம் வேண்டும். 0.5 டிகிரி வரை மட்டுமே காட்டும் கருவி இந்த வேலைக்கு உதவாது, ஏனென்றால் நாம் தேடும் வித்தியாசமே 1 டிகிரி.

வண்டி உயரம் வைத்த அதே நிலையில் நிற்கட்டும். சக்கரங்கள் தரையில் இருக்க வேண்டும். ஜாக்கியில் சேஸிஸைத் தூக்கி ஆக்ஸில் தொங்கும்போது எடுத்த அளவுக்கு மதிப்பே கிடையாது. மூன்று இடங்களில் அளக்க வேண்டும்: கியர்பாக்ஸின் வெளி அச்சு, ஷாஃப்ட் குழாய், பினியன் அச்சு. குழாயில் பேலன்ஸ் எடையும் வெல்டும் இல்லாத இடத்தில், பெயிண்ட், சேறு சுரண்டி வையுங்கள். கியர்பாக்ஸுக்கும் பினியனுக்கும் யோக்கின் காது செங்குத்தாக வரும்வரை ஷாஃப்டைத் திருப்பி, பேரிங் கப்பின் தட்டையான முகத்தில் வைக்கலாம். கடைந்தெடுத்த ஃபிளாஞ்ச் முகம் கிடைத்தால் அது இன்னும் நல்லது. அது அச்சுக்குச் செங்குத்து என்பதால் 90 டிகிரியைக் கழித்துக்கொள்ளுங்கள். வார்ப்படமான ஹவுசிங்கின் மேல் வைத்து அளப்பது வீண்.

பின்னோக்கி இறங்கும் சாய்வைக் கூட்டல் என்றும், ஏறும் சாய்வைக் கழித்தல் என்றும் குறியுங்கள். அடுத்தடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசமே அந்த ஜாயின்ட்டின் கோணம். குறியை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு.

ஷாஃப்ட் மேலிருந்து பார்க்கும்போதும் சாய்ந்திருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். 1,500 மி.மீ. நீளத்தில் 50 மி.மீ. பக்கவாட்டு விலகல் என்பது 1.9 டிகிரி. இரு கோணங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் உண்மையான கோணம் வரும். செங்குத்தில் 3, கிடையில் 2 என்றால் 3.6 டிகிரி.

ஒரு கணக்கு காட்டுங்களேன்.

ஆக்ஸில் கைகளோடு சேர்த்து இறுக்கிய ஏர் சஸ்பென்ஷன் ஒன்றை எடுப்போம். முன் ஊசியிலிருந்து ஆக்ஸில் மையம் வரை கையின் நீளம் 550 மி.மீ. ஷாஃப்ட் 1,500 மி.மீ. ஆக்ஸில் மையத்திலிருந்து பினியன் யோக் 300 மி.மீ. முன்னால் இருக்கிறது. சரியான உயரத்தில் கியர்பாக்ஸ் 3.5, ஷாஃப்ட் 5.5, பினியன் 3.5 டிகிரி, மூன்றும் பின்னோக்கி இறக்கம். முன் ஜாயின்ட் 2.0, பின் ஜாயின்ட் 2.0. அருமையான நிலை.

இப்போது சேஸிஸை 40 மி.மீ. இறக்குகிறார்கள். கையின் முன் ஊசி 40 மி.மீ. இறங்குவதால் கையும் ஆக்ஸிலும் 4.2 டிகிரி முன்னோக்கிக் குனிகின்றன. பினியன் 3.5 இலிருந்து கழித்தல் 0.7க்குப் போகிறது. யோக்கும் 22 மி.மீ. இறங்குவதால் ஷாஃப்டின் இரு முனைகளுக்கும் இடையே மாறுவது 18 மி.மீ. மட்டுமே, அதாவது 0.7 டிகிரி. ஷாஃப்ட் இப்போது 4.8. முன் ஜாயின்ட் 1.3, பின் ஜாயின்ட் 5.5. வித்தியாசம் 4.2 டிகிரி. அழிபடாமல் மிஞ்சுவதைக் கணக்கிட இரண்டின் வர்க்க வித்தியாசத்துக்கு வர்க்கமூலம் எடுங்கள்: 5.3 டிகிரி. ஒற்றை ஜாயின்ட்டை 5.3 டிகிரியில் ஓட்டுவதற்குச் சமம். இது கண்டிப்பாக உதறும்.

அதே வண்டியை 40 மி.மீ. ஏற்றினால் ஷாஃப்ட் 6.2, பினியன் 7.7. முன் ஜாயின்ட் 2.7, பின் ஜாயின்ட் எதிர்ப்பக்கம் வளைந்து 1.5. மிஞ்சுவது 2.2 டிகிரி. வரம்பைத் தாண்டியதுதான், ஆனாலும் இறக்கியதைவிட எவ்வளவோ மேல். ஏற்றினால்தான் ஷாஃப்ட் கெடும் என்று பொதுவாக நம்புகிறார்கள். இந்த வகை சஸ்பென்ஷனில் அழகுக்காக இறக்குவதுதான் அதிகச் சேதம் செய்கிறது.

மிஞ்சும் கோணம் மாறாவிட்டாலும் வேகம் ஏற ஏற முறுக்கு அதிர்வு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80இல் பொறுக்கும்படி இருந்தது 100இல் 1.56 மடங்கு ஆகிவிடும்.

எவ்வளவு கோணம் வரை பரவாயில்லை?

நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு ஜாயின்ட்டும் 3 டிகிரிக்குள், இரண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள். இது வேலைக்கு உதவும் விதி. அதற்கு மேல் போக நேர்ந்தால் ஷாஃப்டின் உச்ச வேகமே எல்லையை முடிவு செய்யும். நிமிடத்துக்கு 5,000 சுற்றில் 3.2 டிகிரி, 4,000இல் 4.2, 3,500இல் 5, 3,000இல் 5.8, 2,500இல் 7, 2,000இல் 8.7, 1,500இல் 11.5. இவை தாங்கும் எல்லைகள், குறிவைக்க வேண்டிய அளவுகள் அல்ல. இரு முனையும் சமமாக இருந்தால் மட்டுமே செல்லும்.

கீழேயும் ஒரு எல்லை உண்டு. 0.5 டிகிரிக்குக் குறைந்தால் ஜாயின்ட்டின் ஊசி உருளைகள் நகராமல் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருக்கும், கிராஸில் (ஜாயின்ட்டின் நடுவில் உள்ள சிலுவைத் துண்டு) வரிவரியாகப் பள்ளம் விழும். எல்லாவற்றையும் நேர்கோட்டில் வைத்தால் நல்லது என்று நினைக்கத் தோன்றும். ஜாயின்ட்டுக்கு அது கெடுதல்.

எங்கள் வண்டியில் பட்டை ஸ்பிரிங். கட்டை வைத்து ஏற்றினோம். அதே கணக்குதானா?

இல்லை. நேரான கட்டை வைத்து 40 மி.மீ. ஏற்றினால் பினியன் சுழலாது. மேலே சொன்ன அளவுகளில் ஷாஃப்ட் 7.0 ஆகும், இரு ஜாயின்ட்களும் 3.5 ஆகும். சமம் கெடவில்லை, கோணம்தான் பெரிதாகிறது. ஆகவே சீரான வேகத்தில் அதிர்வு இல்லாமலும் போகலாம்.

தொல்லை வருவது இழுவையில். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே கட்டை உயர்ந்தால் ஆக்ஸிலின் முறுக்கு நீளமான நெம்புகோலில் பட்டையை வளைக்கிறது. பட்டை ஆங்கில எஸ் எழுத்து போல நெளிந்து பினியன் எழும்பும். கிளம்பும்போதும் ஏற்றத்திலும் உதறி, சமவேகத்தில் ஓய்ந்தால் இதுதான். ஆப்பு (ஒரு முனை தடித்த சரிவுத் துண்டு) வைத்துப் பினியனைச் சற்றுக் கீழே திருப்பி வைப்பது ஓரளவு உதவும். நெளிவு அதிகமானால் முறுக்கைத் தாங்கும் கம்பி பூட்டுவதே தீர்வு. கட்டையின் மேல் கட்டை அடுக்குவது ஆபத்து, நழுவினால் ஆக்ஸிலே இடம் மாறும்.

ஆப்பை எந்தப் பக்கம் வைப்பது?

பட்டை ஆக்ஸிலுக்கு மேலே இருந்தால்: தடித்த முனை பின்னால் வந்தால் பினியன் மேலே திரும்பும், முன்னால் வந்தால் கீழே திரும்பும். பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருந்தால் இது தலைகீழ். பொருத்துவதற்கு முன் ஒரு அட்டையில் வரைந்து பார்த்தால் குழப்பம் வராது.

பாரம் ஏற்றும் வண்டிக்கு எஃகு ஆப்பு வேண்டும். அலுமினிய ஆப்பு நாளடைவில் நசுங்கும், நசுங்கினால் யூ போல்ட் தளரும். ஆப்பின் அகலம் பட்டையின் அகலத்துக்குச் சமமாக இருக்கட்டும். இரண்டு ஆப்புகளை அடுக்காமல், தேவையான கோணத்தில் ஒன்றை வாங்குங்கள். சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் குழியில் முழுதாக உட்காருகிறதா என்று பாருங்கள், தேவைப்பட்டால் நீளமான போல்ட் போடுங்கள். யூ போல்ட் புதியதாக இருக்க வேண்டும். ஒரு முறை இறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், திரும்ப அதே பிடி வராது. சக்கரம் தரையில் நிற்க, குறுக்கு வரிசையில், சில கட்டங்களாகக் குறித்த முறுக்குக்கு இறுக்கி, சில நூறு கி.மீ. ஓடியபின் மறுபடி பாருங்கள்.

ஏர் சஸ்பென்ஷனில் பினியன் கோணத்தை எப்படித் திருத்துவது?

ஆக்ஸில் சுழலாமல் பிடிக்கும் கம்பியான டார்க் ராடு உள்ளதில் ராடின் முனையில் ஷிம் (மெல்லிய தகடு) சேர்த்தோ, நீளம் மாற்றும் ராடு போட்டோ திருத்தலாம். டார்க் ராடு இரு அடுக்காக, கையோடு இணையாக ஓடும் அமைப்பில் உயரம் மாறினாலும் பினியன் அதிகம் சுழலாது. அங்கே கோணம் பெரிதாகப் பிசகியிருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கை மட்டும் உள்ள அமைப்பில் ஆக்ஸில் சீட்டுக்கும் கைக்கும் இடையில் தயாரிப்பாளர் தரும் ஆப்பைத்தான் நம்ப வேண்டும். அப்படி ஒன்று தரப்படவில்லை என்றால் அந்த சஸ்பென்ஷன் அந்த உயரத்துக்காகச் செய்யப்படவில்லை என்று பொருள்.

கையின் முன் ஊசியில் உள்ள போல்ட்டை வண்டி சரியான உயரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். வேறு உயரத்தில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுகியபடியே பூட்டப்படும், சீக்கிரம் கிழியும்.

இரண்டு துண்டு ஷாஃப்ட், நடுவில் சென்டர் பேரிங். கிளம்பும்போது மட்டும் உதறுகிறது.

40 கி.மீ. வேகத்துக்குள், மிதிக்கும்போது மட்டும் வரும் உதறலுக்குப் பேலன்ஸ் காரணமாக இருக்க முடியாது. அந்த வேகத்தில் ஷாஃப்ட் மெதுவாகத்தான் சுற்றுகிறது. வளைந்த ஜாயின்ட் வழியாக அதிக முறுக்கு போகும்போது, அது ஷாஃப்டை வளைக்கப் பார்க்கும் ஒரு விசையை உண்டாக்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும் அந்த விசை சென்டர் பேரிங் தாங்கியை மேலும் கீழும் தள்ளும். ரப்பர் தளர்ந்திருந்தால் இன்னும் ஆடும்.

பின் உயரம் மாறியபோது கியர்பாக்ஸுக்கும் சென்டர் பேரிங்குக்கும் நடுவே உள்ள முன் துண்டில் எதுவும் மாறவில்லை. முழு மாற்றத்தையும் பின் துண்டின் இரு ஜாயின்ட்கள் சுமக்கின்றன. முன் ஜாயின்ட்டை 0.5 முதல் 1.5 டிகிரிக்குள் வைத்து, பின்னிரண்டையும் ஒன்றுக்கொன்று சமமாக்குவதே இலக்கு. ஏற்றிய வண்டியில் சென்டர் பேரிங் தாங்கியை ஸ்பேசர் வைத்துக் கீழே இறக்குவது பொதுவான வழி. ஆனால் இறக்க இறக்க முன் ஜாயின்ட்டின் கோணம் கூடும். 5 மி.மீ. படியாக மாற்றி, ஒவ்வொரு முறையும் மூன்று கோணங்களையும் திரும்ப அளந்துகொண்டே போக வேண்டும்.

ஸ்ப்ளைன் நீளத்தைப் பார்க்க வேண்டுமா?

ஆம். வண்டியை ஏற்றினால், ஸ்ப்ளைனில் முன்பின் நகரும் ஸ்லிப் யோக் வெளியே இழுபடும். பிடி குறைந்தால் யோக் ஸ்ப்ளைனில் ஆட ஆரம்பிக்கும், சுற்றுக்கு ஒரு முறை அதிர்வு வரும். இறக்கினால் எதிர்ப் பிரச்சினை: குழியில் ஸ்லிப் யோக் முழுதாக உள்ளே போய் முட்டினால் கியர்பாக்ஸ் பேரிங்கும் பினியன் பேரிங்கும் அடி வாங்கும். சஸ்பென்ஷன் முழுதாகத் தொங்கும்போதும் முழுதாக அமுங்கும்போதும் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அளந்து பாருங்கள். ஓடும் உயரத்தில் உள்ளே 20 முதல் 25 மி.மீ. இடம் இருப்பது சிறிய லாரிகளுக்கு நல்ல அளவு.

ஷாஃப்டைப் பிரித்துப் பூட்டினோம். யோக் வரிசை மாறியிருக்குமா?

மாறியிருக்கலாம். 16 பல் ஸ்ப்ளைனில் ஒரு பல் தள்ளினால் 22.5 டிகிரி பிசகு. இரு முனை யோக் காதுகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். தயாரிப்பாளரே அம்புக்குறி பொறித்திருந்தால் அதுவே கடைசிச் சொல். சில ஷாஃப்ட்களில் வேண்டுமென்றே தள்ளி வைத்திருப்பார்கள். பிரிக்கும் முன் ஃபிளாஞ்ச் உட்பட எல்லா இணைப்பிலும் பெயிண்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கோணம் சரி, வரிசை சரி. இன்னும் அதிர்கிறது.

ஜாயின்ட்டைப் பாருங்கள். ஷாஃப்டின் ஒரு முனையைக் கழற்றிக் கையால் மடக்கினால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் தட்டுப்பட்டாலோ ஒரு பக்கம் இறுகினாலோ மாற்ற வேண்டியதுதான். பழைய கோணத்தில் பல ஆயிரம் கி.மீ. ஓடித் தழும்பேறிய ஜாயின்ட் புதிய கோணத்தில் திடீரெனச் சத்தமிடுவது சகஜம். கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்பிலிருந்தும் பழைய கிரீஸ் வெளியே வர வேண்டும். மூன்றில் மட்டும் வந்தால் நான்காவது காய்ந்து கிடக்கிறது.

பிறகு டயல் கேஜ். துருவும் பெயிண்ட்டும் சுரண்டிய குழாயில், வெல்டிலிருந்து 75 மி.மீ. தள்ளி 0.25 மி.மீ., நடுவில் 0.38 மி.மீ., ஸ்லிப் முனைக் கழுத்தில் 0.13 மி.மீ. வரை ஓட்டப் பிழை பொறுக்கலாம். கூடினால் பினியன் பக்கம் ஷாஃப்டை 180 டிகிரி திருப்பிப் பூட்டி மறுபடி அளக்கவும். உயர்ந்த புள்ளி ஷாஃப்டோடு வந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. ஃபிளாஞ்சோடு நின்றால் ஃபிளாஞ்சின் குற்றம்.

கடைசியாக பேலன்ஸ். குழாயில் ஒட்டிய தார், அடிப்பூச்சு, காய்ந்த சேறு எல்லாம் எடைதான். எடை வெல்டு உதிர்ந்த பளபளப்பான தடம் இருக்கிறதா பாருங்கள். சிறிய லாரியில் ஹோஸ் கிளாம்ப் ஒன்றைப் பூட்டி, அதன் திருகுத் தலையைக் கால் சுற்றாகத் திருப்பி எந்த நிலையில் குறைகிறது என்று தேடலாம். பெரிய லாரியின் ஷாஃப்டுக்கு அந்த எடை போதாது, பேலன்ஸ் இயந்திரம்தான் வழி.

காலியாகப் போகும்போது மட்டும் வருகிறது. பாரம் ஏற்றினால் இல்லை.

பட்டை ஸ்பிரிங் வண்டியில் இது கோணத்தின் அறிகுறி. பாரத்தில் பட்டை அமுங்கி ஷாஃப்ட் தட்டையாகிறது. எந்த நிலையில் அதிக தூரம் ஓடுகிறதோ அந்த நிலைக்குக் கோணத்தை வையுங்கள், இரண்டுக்கும் சேர்த்து வைக்க முயன்றால் இரண்டிலும் அரைகுறைதான். ஏர் சஸ்பென்ஷனில் பாரம் மாறினாலும் உயரம் மாறக்கூடாது. அங்கே இப்படி வந்தால் வால்வு ஒழுங்காக வேலை செய்யவில்லை, அல்லது பலூன் ஒழுகுகிறது.

இரட்டைப் பின் ஆக்ஸில் வண்டியில் கூடுதலாக என்ன பார்க்க வேண்டும்?

இரு ஆக்ஸில்களுக்கும் நடுவே ஓடும் குட்டை ஷாஃப்ட்டை. நீளம் குறைவு என்பதால் சில மி.மீ. உயர வித்தியாசமே அதில் பெரிய கோணமாகும். ஒரு வால்வே இரண்டு ஆக்ஸில்களையும் தாங்கும் அமைப்பில், எந்த ஆக்ஸிலில் வைத்து அளக்க வேண்டும் என்று கையேடு சொல்லும். மாறி அளந்தால் எல்லாம் பிசகும். முதல் ஆக்ஸிலின் பினியனைத் திருத்தினால் குட்டை ஷாஃப்ட்டின் முன் கோணமும் மாறும். எனவே முன்னிருந்து பின்னாக, ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும்.

நான்கு சக்கர இழுவை வண்டியில் ஒரு முனையில் இரட்டை ஜாயின்ட் (இரண்டு யூ ஜாயின்ட்கள் சேர்ந்தது) இருக்கிறது. அங்கும் சமக் கோணம்தானா?

இல்லை. இரட்டை ஜாயின்ட் தன் ஏற்ற இறக்கத்தைத் தானே அழித்துக்கொள்ளும். மறுமுனையில் உள்ள ஒற்றை ஜாயின்ட் கிட்டத்தட்ட நேராக இருக்க வேண்டும். பினியன் ஷாஃப்டையே பார்த்து நிற்கட்டும், நிற்கும்போது 1 முதல் 2 டிகிரி கீழே இருந்தால் இழுவையில் எழும்பிச் சரியாகிவிடும். இந்த வண்டியில் சமக் கோண விதியைப் பின்பற்றி ஆப்பு வைத்துவிட்டு அதிர்வைத் தேடுபவர்கள் நிறைய.

வண்டியைத் தூக்கி வைத்து ஓட விட்டுப் பார்க்கலாமா?

ஆக்ஸிலின் இரு பக்கமும் உறுதியான ஸ்டாண்ட் கொடுத்து, சஸ்பென்ஷன் ஓடும் உயரத்திலேயே நின்றால் மட்டும். சேஸிஸைத் தாங்கினால் ஆக்ஸில் தொங்கி, நீங்கள் பார்ப்பது வேறு கோணத்தின் அதிர்வாக இருக்கும். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி ஓட்டினால் அது இரட்டை வேகத்தில் சுழலும், டிஃபரன்ஷியலும் கெடும். சுழலும் ஷாஃப்டுக்கு அடியிலோ பக்கத்திலோ யாரும் இருக்கக் கூடாது.

கொஞ்ச நாள் இப்படியே ஓட்டினால் என்ன ஆகும்?

கியர்பாக்ஸ் பின் சீல் ஒழுகத் தொடங்கும். சென்டர் பேரிங் ரப்பர் கிழியும். பினியன் பேரிங் தளரும், ஜாயின்ட்டின் ஊசி உருளைகள் பொடியாகும். ஓட்டி நிறுத்தியதும் ஜாயின்ட்கள் ஒவ்வொன்றின் வெப்பத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் பாருங்கள், மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருப்பது முதலில் போகப்போவது. ஓட்டத்தில் முன் ஜாயின்ட் உடைந்து ஷாஃப்ட் முனை தரையில் குத்தினால் வண்டியே எகிறும், பிரேக் குழாய்களும் காற்றுக் குழாய்களும் அறுந்துபோகலாம். காற்றை முழுதாக இறக்கிவிட்டு ஓட்டுவதும் இதே வகை. தளத்தில் பாரம் இறக்க வசதிக்காக பலூனைக் காலி செய்துவிட்டு, நிரம்பும் முன்பே கிளப்பிச் சில கி.மீ. போனால், ஜாயின்ட்கள் அந்தச் சில கி.மீ.யிலேயே பல மாதத் தேய்மானத்தை வாங்கிக்கொள்ளும்.